சோளம் அறுத்த பாத்திக்கு மறுபடியும் எரு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் நம் பேட்டைகளின் சமூகத் தோட்டங்களில் மக்காச்சோளக் கதிர் ஒடித்து முடிந்ததும் வழக்கமாக நடப்பது இதுதான். தட்டைகளை வேரோடு பிடுங்கிக் குப்பைப் பையில் திணிப்பார்கள். பாத்தியைக் கொத்திவிட்டுக் கோழி எருக் குருணை ஒரு பொட்டலத்தைக் கொட்டிக் கிளறுவார்கள். அதன்மேல் பயற்றங்காய் விதையை ஊன்றுவார்கள். கொடி தளதளவென்று ஏறும். இலை கரும்பச்சையாய் உள்ளங்கை அகலத்துக்கு விரியும். காய் மட்டும் வராது. வந்த கொஞ்சத்தையும் அசுவினி மொய்த்து வீணாக்கும். பிறகு, விதை சரியில்லை என்று கடைக்காரர் தலையில் பழி விழும். விதைமேல் பெரும்பாலும் குற்றமில்லை. சோளத்துக்கு இட்ட இயற்கை உரத்தின் பெரும்பகுதி அந்தப் பாத்தியிலேயே கிடக்கும்போது, மேலும் தழைச்சத்தை (நைட்ரஜனை) கொட்டியதுதான் கோளாறு.

தேசியப் பூங்காக் கழகம் 2005ல் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டம் இன்று தீவு முழுக்கப் பரவியிருக்கிறது. ‘ஒவ்வொரு விதைப்புக்கும் ஒரு பொட்டலம் எரு’ என்ற பழக்கமும் அதோடு சேர்ந்தே பரவிவிட்டது. தானியப் பயிருக்குப் பின்வரும் பயறுக்கு அது தேவையில்லை என்பதைக் கணக்கோடு சொல்லவே இக்கடிதம்.

வாடகைத் தோட்டப் பாத்தி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீளம் 2.5 மீட்டர், அகலம் 1 மீட்டர். சோளம் ஊன்றுமுன் மக்கு உரத்தை 2 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பினால் 50 லிட்டர் பிடிக்கும். ஈரத்தோடு எடை போட்டால் 25 முதல் 30 கிலோ. அதில் பாதி தண்ணீர். மீதியுள்ள உலர் எடையில் தழைச்சத்து 1.2 விழுக்காடு என்று வைத்தால், 150 முதல் 180 கிராம் தழைச்சத்து பாத்திக்குள் போயிருக்கிறது. நன்றாக மக்கிய உரம் முதல் பருவத்தில் அதில் பத்தில் ஒரு பங்கையோ, மிஞ்சிப்போனால் ஐந்தில் ஒரு பங்கையோதான் விடுவிக்கும். அதாவது 15 முதல் 35 கிராம். அத்தனை பரப்பில் செழிப்பாக வளரும் சோளம் 40 கிராம் வரை உறிஞ்சும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் முழங்கால் உயரத்தில் அரை கிலோ கோழி எருக் குருணை வைக்கிறோம். 3 விழுக்காடு தழைச்சத்து உள்ள குருணை என்றால் 15 கிராம். அதில் பாதிக்குமேல் சில வாரங்களில் கரைந்து கிடைத்துவிடும். ஆகச் சோளம் தன் பங்கை எடுத்து முடித்த பிறகும், மக்கு உரத்தில் வந்த தழைச்சத்தில் ஐந்தில் நாலு பங்கு மண்ணில் அப்படியே இருக்கிறது. செடி உடனே எடுக்கக்கூடிய வடிவில் இல்லை. நுண்ணுயிர்கள் அவிழ்க்க அவிழ்க்கச் சிறுகச் சிறுக வெளிவரும். உரத்துக்கு உரம் இந்த எண்கள் மாறும் என்றாலும், விகிதம் பெரிதாக மாறாது.

மணிச்சத்துக் கணக்கு இன்னும் ஒருதலையானது. அதே மக்கு உரத்தில் பாஸ்பரஸ் அரை விழுக்காடு என்றாலும் 60, 70 கிராம் சேர்ந்திருக்கும். கோழி எருவிலிருந்து வருவது வேறு. சோளம் எடுப்பதோ 7, 8 கிராம். தழைச்சத்தை மனத்தில் வைத்து எரு போடும்போதெல்லாம் மணிச்சத்து தேவைக்குப் பல மடங்கு உள்ளே போகிறது. மழையில் அது எளிதில் கரைந்து இறங்காது. மண்ணோடு ஒட்டிக்கொண்டு குவியும்.

இந்த நிலைமைக்கு ஏற்ற பயிர் பயறுதான். வேரில் உண்டாகும் சிறு முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையோடு, தழைச்சத்தை அது காற்றிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். ஆனால் வேர்முடிச்சு உருவாகவும், உள்ளே இருக்கும் நுண்ணுயிர் வேலை செய்யவும் மணிச்சத்து தாராளமாக வேண்டும். கைக்கெட்டும் தழைச்சத்து குறைவாகவும் மணிச்சத்து நிறைவாகவும் உள்ள மண்ணை வேறொரு பயிருக்குக் கொடுப்பது வீண்.

சாம்பல்சத்தின் கதை வேறு. சோளம் எடுத்த பொட்டாசியத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு தட்டையிலும் இலையிலும் நிற்கிறது. கதிரோடு போவது சொற்பம். இலைச்சாற்றில் கரைந்தே இருப்பதால், அறுத்த தட்டையில் நாலு மழை பட்டாலே அது கசிந்து மண்ணுக்கு வந்துவிடும். தட்டையைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, கடையில் பொட்டாஷ் வாங்குபவர்கள் நம்மில் பலர்.

தஞ்சை, நாகைப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. காவிரிப் படுகையில் சம்பா நெல் அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தையும் பாசிப்பயறையும் தெளிப்பார்கள். ஆடுதுறை 3 என்ற உளுந்து ரகம் அந்த நெல் தரிசுக்கென்றே பேர்போனது. உழவு இல்லை, அடியுரம் இல்லை. நெல்லுக்கு இட்டதின் மிச்சத்திலும் நிலத்தின் ஈரத்திலும் இரவுப் பனியிலும் பயறு விளைந்துவிடும். அறுவடை இயந்திரம் வந்தபின் அதன் சக்கரத்தில் முளைகள் நசுங்குவதால், தெளிக்கும் நேரத்தை மாற்ற வேண்டியிருக்கிறது. அது அங்குள்ளவர் தலைவலி. அந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்குமேல் மழை பெய்யும் ஊரில் ஈரத்தைச் சேமிக்க வேண்டிய அவசியமே இல்லை. நாம் சேமிக்க வேண்டியது சத்தை. வெறும் பாத்தியாக ஒரு மாதம் விட்டால், கரைந்து நிற்கும் தழைச்சத்தான நைட்ரேட்டும் பொட்டாசியமும் வேருக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடும். எனவே கதிர் ஒடித்த ஒரு வாரத்துக்குள் அடுத்த விதை மண்ணில் இருக்க வேண்டும்.

முதலில், எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும். அதைச் சோளச்செடியே சொல்லிவிடும். கடைசிக் கதிர் ஒடிக்கும் நாளில் அடியிலைகளைப் பாருங்கள். நுனியில் தொடங்கி நடுநரம்பு வழியாக ‘ட’வைச் சாய்த்தாற்போல் மஞ்சள் கூராக உள்ளே இறங்கியிருந்தால், கரையும் தழைச்சத்தை அது தீர்த்துவிட்டது, பயறுக்கு அதுவே நல்ல சகுனம். அடியிலைவரை கரும்பச்சையாக நின்றால் மிச்சம் அதிகம். இலையோரம் மட்டும் கருகியிருந்தால் பொட்டாசியம் குறைவு. நிச்சயம் வேண்டும் என்பவர்கள், மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் நைட்ரேட் சோதனைப் பட்டையைப் பயன்படுத்தலாம். பாத்தியில் ஐந்து இடத்தில் 15 சென்டிமீட்டர் ஆழம்வரை மண் எடுத்துக் கலந்து, ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு காய்ச்சி வடித்த நீர் விட்டு ஒரு நிமிடம் குலுக்கி, காப்பி வடிதாளில் வடித்து, தெளிந்த நீரில் பட்டையைத் தோய்க்க வேண்டும். லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குமேல் காட்டினால் தாராளம். 20க்குக் கீழே என்றால் பயறு தயங்காமல் போடலாம். இது ஆய்வுக்கூடச் சோதனை ஆகாது, முடிவெடுக்கப் போதும்.

தாராளமாக இருந்தால் என்ன செய்வது? நேரே பயற்றங்காய் போடாதீர்கள். நைட்ரேட் மிகுந்த மண்ணில் பயறு வேர்முடிச்சு போடச் சோம்பும். இருப்பதைத் தின்று கொடியாகவே வளரும். இடையில் ஒரு தண்டுக்கீரை விதைத்து 25 முதல் 30 நாளில் பறித்தால் அந்த மிச்சம் குழம்புச் சட்டிக்கு வந்துவிடும், அதன்பின் பயறு. இன்னொரு வழி, பொடியாக நறுக்கிய சோளத்தட்டையை மண்ணோடு கலப்பது. தட்டையில் கரிமம் தழைச்சத்தைவிட ஏறத்தாழ 60 மடங்கு இருப்பதால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைட்ரேட்டைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் இது கைப்பழக்கம் உள்ளவர்களுக்கானது. அளவு மிஞ்சினால் முளைக்கும் நாற்று பட்டினி கிடக்கும், ஏனென்றால் முதல் மூன்று வாரம் முடிச்சு வேலை தொடங்கும்வரை பயறுக்கும் கொஞ்சம் மண் தழைச்சத்து வேண்டும். கீரை வழியே பாதுகாப்பானது, வயிற்றுக்கும் நல்லது.

மிச்சம் மிதமாக இருக்கும் பாத்தியில் வேலை இப்படி. சோளத்தைப் பிடுங்க வேண்டாம். தரையிலிருந்து 5 சென்டிமீட்டர் விட்டு அரிவாளால் அறுத்துவிடுங்கள். வேர் மண்ணுக்குள்ளேயே மக்கும். அது விட்டுப்போகும் துளைகள் வழியே பயறின் ஆணிவேர் எளிதில் இறங்கும், மழைநீரும் வடியும். தட்டையை 5 முதல் 7 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி வரிசைகளுக்கு நடுவே மூடாக்காகப் போடுங்கள். விதைக்குழியைச் சுற்றி ஒரு சாண் வெறுமையாக இருக்கட்டும். தட்டையைப் பிளந்து பாருங்கள். உள்ளே துளைப்புழு சுரங்கமோ கூட்டுப்புழுவோ இருந்தால் மூடாக்கு வேண்டாம். நன்கு சூடேறும் உரக்குவியலில் நடுவில் புதைக்க வேண்டும், இல்லையேல் அடுத்த சோளத்துக்கு நாமே பூச்சி வளர்த்துக் கொடுத்தவர் ஆவோம்.

நிற்கும் சோளத்தட்டையையே கொடிக்குப் பந்தக்காலாக விடலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். வறண்ட ஊருக்கு அது சரி. இங்குள்ள ஈரத்தில் நாலைந்து வாரத்தில் தட்டை அடியில் அழுகி, காய்க்கும் நேரம் பார்த்துக் கொடியோடு சாய்ந்துவிடும். மூங்கில் நடுங்கள், 2 மீட்டர் உயரம். மூங்கிலின் மேல்முனையைக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டவும், அல்லது குழியில் மணலை அடைத்துவிடவும். திறந்த மூங்கில் குழியில் தேங்கும் ஒரு கரண்டி மழைநீர் ஏடிஸ் கொசுவுக்குப் போதும்.

மண்ணின் அமிலத்தன்மையைக் கவனிக்காமல் மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்து தோற்றவர்கள் உண்டு. சிங்கப்பூரின் இயல்பான செம்மண் களி நல்ல புளிப்பு. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 5ஐ ஒட்டி நிற்பது சாதாரணம். பயறுக்கு 6 முதல் 6.8 வேண்டும். 5.5க்குக் கீழே போனால் முடிச்சுக்கு இன்றியமையாத மாலிப்டினம் வேருக்குக் கிடைக்காது, அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்கும், நுண்ணுயிரும் தங்காது. டோலமைட் சுண்ணாம்புப் பொடி சதுர மீட்டருக்கு 100 கிராம், ஆகப் பாத்திக்கு 250 கிராம். அதைக் கடைசிக் கதிர் ஒடிக்க இரண்டு வாரம் இருக்கும்போதே தூவி நீர் விட்டால், விதைக்கும் நாளில் மண் ஓரளவு தயாராக இருக்கும். சுண்ணாம்பையும் புது எருவையும் ஒரே நாளில் போடக் கூடாது. தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போகும், பக்கத்து புளோக்கிலிருந்து புகாரும் வரும். முட்டை ஓட்டைக் கையால் நொறுக்கிப் போடுவதில் பயனில்லை. மாவாக அரைத்தால்தான் ஓரிரு பருவத்தில் கரையும்.

எந்தப் பயறு? பயற்றங்காய்தான் முதல் தேர்வு. கச்சாங் பாஞ்சாங் என்று சந்தையில் விற்பது. வெக்கையையும் மழையையும் தாங்கும், மிச்ச உரத்தில் நன்றாக ஓடும், ஊன்றிய 50 நாளுக்குள் முதல் பறிப்புக்கு வரும். பீன்ஸ் வேண்டாம் என்பேன். காற்றுத் தழைச்சத்தை எடுப்பதில் அது சோம்பேறி. அதோடு நம் ஊர் இரவு வெப்பத்தில் பூ உதிர்க்கும். சிறகவரை அருமையான பயிர், முடிச்சு ஏராளமாகப் போடும், ஆனால் பாத்தியை நாலைந்து மாதம் பிடித்துக்கொள்ளும். வேலியோரம் இருந்தால் அங்கே ஏற்றலாம். நிலக்கடலைக்குப் பொலபொலவென்ற மண்ணும், காய் இறங்கும் மேல்மண்ணில் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். சோயாவுக்கு அதற்கே உரிய நுண்ணுயிர் வேண்டும். பயற்றங்காய்க்கு வாய்க்கும் மண் அதற்கு வாய்க்காது.

பாசிப்பயறும் உளுந்தும் ஆசைக்கு வளர்க்கலாம், மணிக்காக வேண்டாம். எக்டருக்கு ஒரு டன் என்பது நல்ல விளைச்சல்; நம் 2.5 சதுர மீட்டரில் அது கால் கிலோ. நெற்று முற்றும் நேரத்தில் தொடர்மழை பிடித்தால் அதுவும் செடியிலேயே முளைத்துவிடும். தேக்கா சந்தையில் கால் கிலோ பாசிப்பயறு என்ன விலை என்று யோசித்துப் பாருங்கள். பாசிப்பயறின் இடம் வேறு: நெருக்கமாக விதைத்து, பூ எடுக்கும் 35, 40 நாளில் மடக்கி மண்ணுக்கே கொடுக்கும் பசுந்தாளாக அதை வெல்ல ஆளில்லை. அதற்கு மளிகைக் கடைப் பயறே போதும். உடைக்காத, தோல் நீக்காத முழுப் பயறாக இருக்க வேண்டும். 20 மணியை ஈரத்தாளில் சுருட்டி மூன்று நாள் வையுங்கள். 16க்குமேல் முளைத்தால் விதைக்கலாம்.

இனி நுண்ணுயிர். பயற்றங்காய், பாசிப்பயறு, உளுந்து, நிலக்கடலை, சிறகவரை எல்லாம், வேர்முடிச்சில் வாழும் ரைசோபியம் என்ற நுண்ணுயிரின் ஒரே கூட்டத்து வகைகளோடு சேரும். காட்டுப் பயறினங்கள் முளைக்கும் தரைமண்ணில் இவை பொதுவாக இருக்கும். ஆனால் அடுக்குமாடிக் கார்நிறுத்தக் கூரையில் தேங்காய்நார்க் கலவை நிரப்பிய பாத்தியிலும், பையில் வாங்கிய செடிமண்ணிலும் இவற்றை எதிர்பார்க்க முடியாது. அங்கே ரைசோபியம் பொட்டலம் தேவை. பயறு வகைக்கான பொட்டலமா என்று பார்த்து, காலாவதித் தேதியையும் பார்த்து வாங்க வேண்டும். வெயிலில் கிடந்த பொட்டலத்தில் உயிர் இருக்காது. ஆறிய கஞ்சித் தண்ணீர் ஒரு மேசைக்கரண்டியில் ஒரு தேக்கரண்டிப் பொடியைக் குழைத்து, ஒரு பாத்திக்கான விதையைப் புரட்டி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி, அன்றே ஊன்றிவிட வேண்டும். குழைப்பதற்குக் குழாய்நீர் வேண்டாம். அதிலுள்ள குளோரமின் இரவு முழுக்கத் திறந்து வைத்தாலும் போகாது. இளஞ்சிவப்புச் சாயம் பூசிய விதையில் பூசணக்கொல்லி இருக்கும். அதன்மேல் ரைசோபியம் பூசுவது காசைக் கரைப்பது. பொட்டலம் கிடைக்காவிட்டால், பயறு நன்றாக முடிச்சிட்ட வேறொரு பாத்தியின் வேரடி மண் இரண்டு கைப்பிடி எடுத்து விதைக்குழிகளில் பகிர்ந்து போடலாம். அந்தப் பாத்தியில் வேரைத் தாக்கும் நூற்புழுவோ வாடல்நோயோ இருந்திருந்தால் அதுவும் கூடவே வந்துவிடும்.

பயற்றங்காய்க்கு இரண்டு வரிசை, இடைவெளி 60 சென்டிமீட்டர். வரிசைக்குள் 25 முதல் 30 சென்டிமீட்டருக்கு ஒரு குழி. ஆழம் 2 முதல் 3 சென்டிமீட்டர், குழிக்கு இரண்டு விதை. இரவெல்லாம் ஊறவைக்காதீர்கள், நம் மண் ஏற்கெனவே ஈரம், ஊறிய விதை அழுகும். பிப்ரவரியில் ஊன்றிய சோளம் ஏப்ரல் இறுதியிலோ மே தொடக்கத்திலோ முடியும். அதன்பின் வரும் பயறுக்குப் பருவம் நன்றாக அமையும். ஆகஸ்ட் சோளத்துக்குப் பின் நவம்பரில் ஊன்றுவதானால் 20 சென்டிமீட்டர் மேடு கட்டியே ஊன்ற வேண்டும். தண்ணீர் தேங்கினால் முடிச்சுக்கு உயிர்வளி கிடைக்காது. ஓரிரு நாளிலேயே அது வேலைநிறுத்தம் செய்துவிடும்.

முளைத்த இரண்டாம், மூன்றாம் வாரத்தில் இலை சற்று வெளிறும். இங்கேதான் பலர் பதறிப்போய் உரம் வைத்துவிடுகிறார்கள். விதையில் இருந்த சத்து தீர்ந்து, முடிச்சு இன்னும் முழுவீச்சில் வராத இடைவெளி அது. பத்து நாள் பொறுத்தால் தானாகப் பச்சை திரும்பும். அந்த வாரங்களில் கவனிக்க வேண்டியது உரத்தை அல்ல, தண்டு ஈயை. முதல் இலைகளில் ஊசிமுனைப் புள்ளிகள் தெரிந்தால் அது முட்டையிட்ட அடையாளம். புழு தண்டுக்குள் இறங்கி, அடித்தண்டு வீங்கி வெடித்து, நாற்று சாயும். இளஞ்செடியைச் சுற்றி மண் அணைத்து மூடாக்கும் போட்டால், சேதத்துக்கு மேலே புதுவேர் விட்டுப் பல செடிகள் பிழைத்துக்கொள்ளும்.

முப்பது, முப்பத்தைந்தாம் நாளில் ஒரு செடியைப் பலியிடத் தயங்க வேண்டாம். பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். கரண்டியால் தோண்டி எடுத்து வாளித் தண்ணீரில் அலசுங்கள். முடிச்சை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு அல்லது சிவப்பு தெரிய வேண்டும். அப்படியானால் தொழிற்சாலை ஓடுகிறது, ஒன்றும் செய்ய வேண்டாம். வெள்ளையாக இருந்தால் இளசு, அல்லது வேலை செய்யாத நுண்ணுயிர்; ஒரு வாரம் கழித்து இன்னொன்றைப் பாருங்கள். பச்சையோ பழுப்போ என்றால் முடிச்சு ஓய்ந்துவிட்டது. முடிச்சே இல்லாமல் இலை கரும்பச்சையாக இருந்தால் தழைச்சத்து மிஞ்சிவிட்டது. உரத்தை நிறுத்துவதைத் தவிர மருந்தில்லை. முடிச்சும் இல்லை, இலையும் வெளிறியிருக்கிறது என்றால் நுண்ணுயிர் இல்லை, அல்லது மண் புளிப்பு, அல்லது வடிகால் அடைப்பு. அந்தப் பருவத்தைக் காப்பாற்ற அப்போது மட்டும் பாத்திக்கு 150 கிராம் கோழி எருக் குருணை வைத்துக்கொள்ளலாம்.

நூற்புழு வீக்கத்தை முடிச்சு என்று நினைத்து மகிழ்வதும் உண்டு. முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், விரலால் தேய்த்தால் உதிரும். நூற்புழு வீக்கம் வேரே பருத்தது, தேய்த்தால் போகாது. அது இருந்தால் அந்தப் பாத்தியில் அடுத்து பயறோ தக்காளியோ வெண்டையோ வேண்டாம். செண்டுமல்லியை நெருக்கமாக நட்டு மூன்று மாதம் விடுவது நல்லது. சோளமும் அந்தப் புழுவுக்கு வெளியே தெரியாமல் இடங்கொடுக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பூக்கும்போது உரம் வேண்டுமா? தரைமண் பாத்திக்கு வேண்டாம். ஊற்றும் நீரில் சத்து அடிக்கடி கழுவிப்போகும் 20 லிட்டர் தொட்டியில் வளர்ப்பவர்களின் நிலைமை வேறு. அங்கே சத்து மிச்சம் என்பதே அதிகம் இராது. விதைக்குமுன் ஒரு சென்டிமீட்டர் மக்கு உரமும், பூக்கும்போது விறகுச் சாம்பல் ஒரு மேசைக்கரண்டியும் கொடுக்கலாம். தாழ்வாரத்தில் வளர்ப்பவர்கள் 1.2 மீட்டர் வழியை விட்டுவைத்துக் கொடியைக் கட்டுங்கள். தொட்டியின் அடித்தட்டில் நீர் நிற்க விடாதீர்கள்.

பயறு மண்ணுக்குத் தழைச்சத்தை வாரிக் கொடுக்கும் என்ற பேச்சையும் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும். எடுத்த தழைச்சத்தில் பெரும்பங்கு விதைக்குத்தான் போகிறது. நெற்று முற்றவிட்டுப் பறித்து, செடியையும் பிடுங்கி எறிந்தால் மண்ணுக்கு லாபம் ஒன்றுமில்லை, சில சமயம் நட்டமே. பிஞ்சாகப் பறிக்கும் பயற்றங்காயில் அவ்வளவு போகாது. கொடியையும் வேரையும் அங்கேயே விட்டால் நல்ல மிச்சம். பூக்கும்போது மடக்கிய பாசிப்பயறில் முழுவதும் மண்ணுக்கே. காய்ப்பு ஓய்ந்ததும் கொடியைத் தரையோடு அறுத்து, நறுக்கி, மேலாகப் பரப்புங்கள். பயறுத் தழை சோளத்தட்டை மாதிரி அல்ல. நம் வெப்பத்தில் இரண்டு மூன்று வாரத்திலேயே கரைந்து நைட்ரேட்டாகும். 10 முதல் 14 நாளில் கீரையோ அடுத்த சோளமோ ஊன்றாவிட்டால் அதுவும் மழையோடு போகும். அந்தச் சோளத்துக்கு மக்கு உரம் ஒரு சென்டிமீட்டர் போதும், பழைய இரண்டு வேண்டாம்.

இது வெறும் சிக்கனப் பேச்சு அல்ல. விதைப்புக்கு விதைப்பு எரு போட்ட பாத்திகளில் மணிச்சத்து குவிந்து, துத்தநாகமும் இரும்பும் வேருக்குக் கிடைக்காமல், இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாய் இடையெல்லாம் மஞ்சளாவதைப் பார்க்கலாம். அதற்கு மறுபடியும் எரு போடுகிறார்கள். இன்னொன்று, சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. கனமழையில் பாத்தியிலிருந்து வழியும் மண்ணும் மணிச்சத்தும் வடிகால் வழியே நீர்த்தேக்கத்துக்குத்தான் போகும். அங்கே பாசி வளர்ப்பது அதுவே.

எனவே இரண்டு கோரிக்கைகள். ஒவ்வொரு சமூகத் தோட்டக் குழுவும் பாத்திக்கு ஒரு பக்கம் ஒதுக்கிய நோட்டுப் புத்தகம் ஒன்றை வைக்கட்டும்: எந்தத் தேதியில் என்ன உரம், எத்தனை கிலோ, என்ன பயிர், எத்தனை கிலோ விளைச்சல். மிச்சம் எவ்வளவு என்று தெரியாமல் போவது மண்ணின் குறையல்ல. முன்பு பயிர்வைத்தவர் என்ன போட்டார் என்பது அடுத்தவருக்குத் தெரியாததே காரணம். அடுத்தது தேசியப் பூங்காக் கழகத்துக்கு. 2020ல் இல்லங்களுக்கு இலவச விதைப் பொட்டலங்கள் வழங்கியது போல மறுபடி வழங்கும் எண்ணம் இருந்தால், பயறு விதையோடு 10 கிராம் ரைசோபியம் உறையையும், ‘இதற்குக் கோழி எரு வேண்டாம்’ என்ற ஒரு வரியைத் தமிழ் உட்பட நான்கு மொழிகளிலும் சேர்த்து அனுப்பலாம்.

இப்படிக்கு,
சமூகத் தோட்டக்காரர் ஒருவர்,
ஈசூன்